ஆலாத் தீவுக்கு வியாழக்கிழமைப் படகு

தீவு,
ஏப்ரல் 9

அன்புள்ள உங்களுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். நலமா என்று கேட்டால் நாலு பக்கத்துக்குப் பதில் வரும் என்பதால் இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை. அடுத்ததில் கேட்கிறேன்.

படகில் மூன்று மணி நேரம். தீவு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். சுற்றி வர நாற்பது நிமிடம் போதும். முழங்கால் உயரத்துக்குப் புதர், மிச்சமெல்லாம் மணலும் சிப்பியும்தான். தகரக் கூரை போட்ட வீடு ஒன்று, இரண்டு அறை, மழைத் தண்ணீர் பிடிக்கும் தொட்டி. என் அறையில் இரும்புக் கட்டில். ஜன்னலைத் திறந்தால் கதவு தானாக அறைந்து சாத்திக்கொள்கிறது. ஏதாவது ஒன்றுதான் திறந்திருக்கலாம். துணைக்குக் காப்பாளர் அம்மா. எட்டு வருஷமாக இந்தத் தீவைப் பார்த்துக்கொள்கிறவர். பகலில் பேச மாட்டார், இரவில் குறட்டையாகப் பேசித் தீர்த்துவிடுவார்.

மற்றபடி எங்கே பார்த்தாலும் ஆலாப் பறவைகள். வெள்ளை உடம்பு, கறுப்புத் தலை, கத்தரிக்கோல் போல வால். வெறும் மணலில் ஒரு குழி பறித்து அதிலேயே முட்டையிடுகின்றன. எங்கே காலை வைப்பது என்றே தெரியவில்லை. கிட்டே போனால் தலையில் கொத்த வருகின்றன. அதற்காக முதுகுப் பையில் ஒரு குச்சியைச் செருகி, நுனியில் துணி கட்டிக்கொண்டு நடக்கிறோம். எது உயரமோ அதைத்தான் கொத்துமாம். துணி படும் பாட்டைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

கயிறு கட்டிப் பிரித்த கட்டங்களில் கூடுகளை எண்ணுவதுதான் என் வேலை. செல்போன் கிடையாது. ஆபத்துக்கு மட்டும் வயர்லெஸ் இருக்கிறது. தண்ணீர், காய்கறி, கடிதம் எல்லாம் வியாழக்கிழமைப் படகில்தான். முப்பது வருஷம் நீங்கள் கப்பலில் இருந்தீர்கள், நான் கரையில் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது இடம் மாறி உட்கார்ந்திருக்கிறோம். ஜூன் முதல் வாரம் வந்துவிடுவேன்.

வெள்ளை மாத்திரை காலையில், மஞ்சள் மாத்திரை மாலையில். மறந்துவிட்டு என்னைக் குற்றம் சொல்லக் கூடாது.

உங்கள் மனைவி,
தற்சமயம் தீவுவாசி


வீடு,
ஏப்ரல் 16

பிரியமானவளுக்கு,

நீ கேட்காவிட்டாலும் சொல்வேன். நான் நன்றாக இல்லை.

எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பிரித்து அடுக்கிய கை இது. உன் மிக்ஸி மூடி மட்டும் இந்தக் கைக்கு அடங்க மாட்டேன் என்கிறது. நேற்று அது கழன்று பறந்ததில் சுவரில் உலகப் படம் ஒன்று விழுந்திருக்கிறது. துடைத்துப் பார்த்தேன், கண்டங்கள் நகர்ந்தன, மறையவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு அது பொங்கும் வரை முறைத்துக்கொண்டே நின்றேன். பொங்கவில்லை. செய்தித்தாளை எடுக்க வாசலுக்குப் போன அரை நிமிடத்தில் பொங்கிவிட்டது. அதற்கும் என்னைக் கண்டால் ஆகவில்லை போலிருக்கிறது.

எதிர்வீட்டு வக்கீல் வழியில் மறித்துக்கொண்டார்.

“என்ன சார், மேடம் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்களா?”

“இல்லை சார், பறவை பார்க்கப் போயிருக்கா.”

“ரெண்டு மாசமாவா? அப்படி என்ன சார் பறவை அது?”

“அது எனக்கும் தெரியலை.”

நிஜமாகவே எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. உனக்கு இந்தப் பறவைப் பைத்தியம் எப்போது பிடித்தது? நான் விடுமுறையில் வரும்போதெல்லாம் கதவுக்குப் பின்னால் ஆணியில் அந்தப் பைனாகுலர் தொங்கும். கேட்டதில்லை. நீயும் சொன்னதில்லை.

சின்னவள் நேற்று போனில் அழைத்து, “அப்பா, சாப்பிட்டீங்களா?” என்றாள். சாப்பிட்டேன் என்றேன். எது என்று கேட்கவில்லை. புத்திசாலிப் பெண்.

உன்,
சமையல்கட்டு எஞ்சினியர்


தீவு,
ஏப்ரல் 23

அன்புள்ள எஞ்சினியருக்கு,

கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் காப்பாளர் அம்மா எட்டிப் பார்த்தார். மிக்ஸி மூடியில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். அது கைப்பிடிக்கு நேராக வர வேண்டும். அவ்வளவுதான். உலகப் படத்தைச் சோப்புத் தண்ணீரில் துடையுங்கள்.

மொத்தம் மூவாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு கூடுகள். மூன்று முறை எண்ணினோம். நானும் அவரும் தனித்தனியாக எண்ணி, பிறகு சீட்டைப் பிரித்துப் பார்ப்போம். பத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி முதலிலிருந்து. மருந்துக்கடையில் முப்பது வருஷம் மாத்திரை எண்ணிய பழக்கம், என் சீட்டு பெரும்பாலும் சரியாக இருக்கிறது. அவர் பாராட்டவில்லை. “ம்” என்றார். எட்டு வருஷத்தில் அவர் யாருக்கும் “ம்” சொன்னதில்லை என்று படகுக்காரர் சொன்னார்.

ஒளிந்து பார்க்க ஒரு துணிக் கூடாரம் இருக்கிறது. நேற்று அதற்குள் நாலு மணி நேரம் உட்கார்ந்தேன். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கூடு. ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. மற்றது மீனோடு வந்து இறங்கியது. இது எழுந்திருக்க மறுத்தது. அது மீனை வாயில் வைத்துக்கொண்டே பக்கவாட்டில் தள்ளித் தள்ளி, கடைசியில் எழுப்பிவிட்டு உட்கார்ந்துகொண்டது. என் முறை என்று சண்டை போட்டு வாங்கிக்கொள்கின்றன. கால் மரத்துப்போனது எனக்குத் தெரியவில்லை.

பைத்தியம் எப்போது பிடித்தது என்று கேட்டிருக்கிறீர்கள். ரொம்ப நாளாயிற்று.

மாத்திரை?

உங்கள்,
தீவுவாசி


வீடு,
மே 7

பிரியமானவளுக்கு,

மூடி பொருந்திவிட்டது! பள்ளம் கைப்பிடிக்கு நேராக. இதை முப்பத்தாறு வருஷமாக என்னிடம் மறைத்துவிட்டாயே.

வீட்டுக்கு ஒரு சத்தம் இருக்கிறது, தெரியுமா உனக்கு? மத்தியானம் இரண்டு மணிக்கு ஃபிரிட்ஜ் நின்றதும் ஒரு அமைதி வருகிறது. எஞ்சின் அறையில் அந்த மாதிரி அமைதி வந்தால் ஏதோ பழுது என்று அர்த்தம், எழுந்து ஓடுவோம். இங்கே எழுந்து எங்கே ஓடுவது என்று தெரியாமல் கூடத்தில் நிற்கிறேன். நீ இத்தனை வருஷம் இந்த வீட்டில் தனியாக எப்படி இருந்தாய் என்று கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்டால் நீ சொல்லிவிடுவாயோ என்றும் இருக்கிறது.

ஜூன் முதல் வாரம்தானே? நாள்காட்டியில் கட்டம் போட்டிருக்கிறேன். சின்னவளும் மாப்பிள்ளையும் வருகிறார்கள். படுக்கை உறைகளைத் துவைத்தாயிற்று. வெள்ளையெல்லாம் இளஞ்சிவப்பாகிவிட்டது. அதையும் வந்து பார்.

உன்,
நாட்களை எண்ணுகிறவன்


தீவு,
மே 14

அன்புள்ள உங்களுக்கு,

ஒரு கெட்ட செய்தி. என் உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள்.

போன சனிக்கிழமை புயல் காற்று. நாங்கள் மேசையைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் இருந்தோம். காலையில் வெளியே வந்தால் தெற்குக் கரையில் எங்கள் கயிறும் இல்லை, கட்டமும் இல்லை. அலை ஏறி இறங்கியிருக்கிறது. முட்டைகள் கடற்பாசியோடு சேர்ந்து கரை ஓரத்தில் வரிசையாகக் கிடந்தன. கூடு இருந்த இடத்தில் பறவைகள் அப்படியே நின்றுகொண்டிருந்தன. கத்தவில்லை. நாங்கள் கிட்டே போனோம், கொத்தவும் வரவில்லை.

ஆயிரத்து நானூற்று ஆறு கூடுகள் போய்விட்டன. எண்ணினோம். எண்ணத்தானே வந்திருக்கிறோம். பாதியில் என்னால் முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். காப்பாளர் அம்மா என் கையிலிருந்த சீட்டை வாங்கி என் பங்கையும் எண்ணினார்.

மூன்றாம் நாளே சில ஜோடிகள் மேட்டில் புதிதாகக் குழி பறிக்கத் தொடங்கிவிட்டன. மறுபடி முட்டையிடும் என்கிறார். அப்படியென்றால் எண்ணிக்கையும் மறுபடி. இன்னொரு ஆள் கிடைப்பது கஷ்டம். “நீங்க இருப்பீங்களா?” என்று கேட்டார். அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

இருப்பேன் என்று சொல்லிவிட்டேன். ஜூலை நடுவில்தான் வருவேன். உங்களைக் கேட்காமல் சொன்னதற்கு மன்னிக்கவும் என்று எழுத நினைத்தேன். ஆனால் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

சின்னவளுக்கும் எழுதியிருக்கிறேன்.

உங்கள் மனைவி


வீடு,
மே 20

அன்புள்ளவளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பறவைகளுக்கு நேர்ந்ததற்கு வருத்தம்.

சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். நாலு நாளாக நெஞ்சில் ஒரு வலி. இடது கை மரத்துப்போகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. டாக்டர் “வீட்ல யாரும் இல்லையா சார்?” என்று கேட்டார். இல்லை என்றேன். நீ பதற வேண்டாம். உன் வேலை உனக்கு முக்கியம். ஆனால் அடுத்த படகில் வர முடிந்தால் வந்துவிடு.

உன் கணவன்


தீவு,
மே 27

உங்களுக்கு,

உங்கள் கடிதம் கையில் கிடைத்தபோது படகு இன்னும் கரையில்தான் நின்றது. பையில் நாலு துணியைத் திணித்துக்கொண்டு செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன். காப்பாளர் அம்மாதான், “நில்லுங்க, முதல்ல வயர்லெஸ்ல கேப்போம்” என்றார். கரை அலுவலகத்துக்குச் சொல்லி, அவர்கள் சின்னவளுக்குப் போன் செய்து, அவள் அலுவலகத்தை அப்படியே போட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். அந்த இரண்டு மணி நேரமும் நான் வயர்லெஸ் பெட்டி முன்னால் நின்றேன். படகுக்காரரும் போகாமல் காத்திருந்தார்.

சாயங்காலம் செய்தி வந்தது. நீங்கள் எதிர்வீட்டு வக்கீலோடு கேரம் ஆடிக்கொண்டிருந்தீர்களாம். டாக்டரிடம் போகவே இல்லையாம். “அப்பாவுக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்லுங்க. அம்மா வரவேண்டாம்னும் சொல்லுங்க.” அலுவலகத்துப் பையன் வரி மாறாமல் வாசித்தான். ஒரு ஊரே கேட்டிருக்கும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தெரியாதவர் நீங்கள். ஏன் இதை மட்டும் செய்தீர்கள்?

நான் உங்களை “வாருங்கள்” என்று ஒரே ஒரு தடவைதான் அழைத்திருக்கிறேன். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால். தந்தியில் நாலு வார்த்தை. அது பொய் இல்லை.

ஒரே மகளை ஏன் சின்னவள் என்கிறேன் என்று காப்பாளர் அம்மா கேட்டார். பெரியவன் பதினொரு நாள் இருந்தான் என்றேன். அதற்கு மேல் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடமும் சொன்னதில்லை, நீங்கள் கேட்காததால். இப்போது சொல்கிறேன்.

அவனைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் பார்க்கலாம். மற்ற நேரமெல்லாம் நான் இரண்டாம் மாடி ஜன்னலோரக் கட்டிலில். ஜன்னலுக்கு மேலே தகைவிலான் குருவி ஜோடி ஒன்று கூடு கட்டிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ ஈர மண்ணை அலகில் உருண்டையாகக் கொண்டு வந்து ஒட்டும், போகும், வரும். எனக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. எண்ணினேன். முதல் நாள் நூற்றுப் பதினெட்டு உருண்டை. அடுத்த நாள் நூற்று நாற்பது. எண்ணுகிற வரையில் அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்கு ஒரு நினைப்பு. பதினோராம் நாள் எண்ணிக்கை எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. நடுவில் கூப்பிட்டார்கள்.

பைத்தியம் எப்போது பிடித்தது என்று கேட்டீர்களே.

நீங்கள் நாற்பத்து மூன்றாம் நாள் வந்தீர்கள். நடுக்கடல், இறங்க வழியில்லை என்றீர்கள். சரி என்றேன்.

எனக்கு இப்போதைக்கு எழுத வேண்டாம்.


வீடு,
ஜூன் 4

அன்புள்ளவளுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இதை மட்டும் எழுதிவிடுகிறேன். படிப்பதும் கிழிப்பதும் உன் இஷ்டம்.

நெஞ்சுவலி பொய். வெட்கமாக இருக்கிறது. சின்னவள் வாசலில் வந்து நின்றபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை. என்னைக் கட்டிப்பிடித்தாள். பிறகு கேரம் பலகையைப் பார்த்தாள். திரும்பிப் போய்க் காரில் உட்கார்ந்து அழுதாள். நான் கார் கண்ணாடியைத் தட்டினேன். திறக்கவில்லை.

ஆனால் நான் சொன்ன பெரிய பொய் அது இல்லை.

உன் தந்தி வந்தபோது கப்பல் நடுக்கடலில்தான் இருந்தது. மூன்றாம் நாள் எண்ணெய் நிரப்ப ஒரு துறைமுகத்தில் நின்றோம். கேப்டன் என்னைக் கூப்பிட்டு, “கிளம்புய்யா, பிளேன் டிக்கெட்டுக்குச் சொல்லிட்டேன். நாளன்னைக்கு வீட்ல இருப்பே” என்றார். எஞ்சினில் ஒரு பம்ப் கோளாறு, இந்த நேரத்தில் விட்டுவிட்டுப் போக முடியாது என்றேன். பம்ப் கோளாறுதான். ஆனால் எனக்குக் கீழே இருந்த மூன்று பேரும் அதைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள்.

எனக்குப் பயம். வந்து இறங்கும்போது அவன் இருப்பானா, இருந்தால் என் கையில் கொடுப்பார்களா, கொடுத்தால் அப்புறம் என்ன ஆகும். அவன் முகம் தெரியாத வரையில் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கீழே இறங்கிப் போய் அந்தப் பம்பைப் பிரித்தேன். இரண்டு முறை பிரித்துச் சேர்த்தேன். உன்னைத் தனியாக விட்டேன் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. என்னைப் பற்றி மட்டும்தான் நினைத்தேன்.

அவன் முகம் யாருடைய ஜாடை என்று இத்தனை வருஷமாகக் கேட்க வேண்டும் என்று இருந்தது. கேட்கும் தகுதி இல்லை.

சின்னவளிடமும் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன்னை வரச் சொல்லவில்லை. நீ அங்கே இருக்க வேண்டிய நாள் வரை இரு.

நான்


வீடு,
ஜூன் 11

அன்புள்ளவளுக்கு,

போன படகில் உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. எதிர்பார்க்கவும் இல்லை என்று எழுதினால் அது மூன்றாவது பொய். அன்று காலையிலிருந்து படித்துறை அலுவலகத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். படகுக்காரர் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார்.

மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். இதைச் சொல்லத்தான்.

நான்


தீவு,
ஜூன் 18

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் இரண்டு கடிதமும் வந்தன. முதலாவதை மணலில் உட்கார்ந்து படித்தேன். அடுத்த படகில் பதில் போடக் கூடாது என்று முடிவு செய்தது கோபத்தால் அல்ல. என்ன எழுதுவதென்று நிஜமாகவே தெரியவில்லை.

கேப்டன் உங்களை இறங்கச் சொன்னது எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாகத் தெரியும்.

உங்களோடு வேலை பார்த்த இரண்டாம் எஞ்சினியரின் மனைவி ஒரு நாள் மருந்து வாங்க வந்தார். பேச்சுவாக்கில், “உங்க வீட்டுக்காரர் மாதிரி ஆள் கிடையாதுங்க. கேப்டனே டிக்கெட் போட்டும், பெத்த பிள்ளையைப் பார்க்கப் போகாம எஞ்சினைப் பார்த்தாராமே” என்றார். பெருமையாகத்தான் சொன்னார். ஆமாம் என்றேன். மாத்திரையை உறையில் போட்டு, “சாப்பாட்டுக்கு அப்புறம்” என்றேன். அவர் தலையாட்டினார். மறுபடியும், “சாப்பாட்டுக்கு அப்புறம்” என்றேன்.

அன்று வீட்டுக்கு வந்து உங்களைக் கேட்டிருக்கலாம். நீங்கள் விடுமுறையில் வந்திருந்த சமயம்தான் அது. கேட்டால் இன்னொரு பொய் சொல்வீர்கள், அதற்குப் பிறகு உங்களோடு இருக்க என்னால் முடியாது என்று பட்டது. சின்னவளுக்கு அப்போது ஒன்பது வயது. கேட்காமலே விட்டேன். நீங்களாகச் சொல்வீர்கள் என்று முதல் சில வருஷம் காத்திருந்தேன். பிறகு காத்திருப்பதை விட்டுவிட்டேன். நெஞ்சுவலி என்று நீங்கள் எழுதியபோது எனக்கு வந்த கோபத்தில் பாதி அந்தப் பழைய கோபம்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தால் எழுத்து வரவில்லை. மன்னிக்க மாட்டேன் என்றும் எழுதிப் பார்த்தேன். அதுவும் பொய்யாக இருந்தது. நீங்களாகவே சொன்னீர்கள் என்பது மட்டும் ஒரு பெரிய மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருக்கிறது. அன்றைக்கு நீங்களும் பயந்துபோய்க் கீழே உட்கார்ந்திருந்தீர்கள் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது. கல் மாதிரி இருந்தீர்கள் என்று நினைத்திருந்தேன்.

ஜாடை கேட்டிருக்கிறீர்கள். நெற்றி உங்களுடையது. தூக்கத்தில் நெற்றியைச் சுருக்குவான், கணக்கு சரியாக வராதபோது நீங்கள் சுருக்குகிற மாதிரியே. விரல்கள் நீளம். கோபம் என்னுடையது, ஊசி போட்டால் அழுகையை நிறுத்த மாட்டான். இதையெல்லாம் யாராவது கேட்க மாட்டார்களா என்று எனக்கு இருந்திருக்கிறது.

அவன் பிறந்த நாள் ஜூன் 27. ஒவ்வொரு வருஷமும் அன்றைக்குக் கடையில் சரக்குச் சரிபார்ப்பு என்று சொல்லிவிட்டு எங்கேயாவது போய்விடுவேன். ஏரிக்கரை, சதுப்பு நிலம், ஒரு வருஷம் குப்பைமேடு. சாயங்காலம் வரை எதையாவது எண்ணிவிட்டு வருவேன். யாரையும் கூட்டிக்கொண்டு போனதில்லை.

இந்த வருஷம் அது வெள்ளிக்கிழமை வருகிறது. 26ஆம் தேதி வியாழன் காலை ஆறு மணிக்குப் படகு. அடுத்த வியாழன்தான் திரும்பும், அதனால் ஒரு வாரத்துக்குத் துணி எடுத்துக்கொள்ளுங்கள். காப்பாளர் அம்மாவிடம் கேட்டுவிட்டேன். “ம்” என்றார். மேட்டில் புதுக் குஞ்சுகள் வந்துவிட்டன. கட்டங்களைப் பிரித்து எண்ண இன்னொரு ஜோடிக் கண் வேண்டும்.

வர இஷ்டமில்லை என்றால் அதையும் எழுதலாம். ஆனால் உண்மையான காரணத்தை எழுதுங்கள்.

உங்கள் மனைவி


படித்துறை,
ஜூன் 26, காலை

பிரியமானவளுக்கு,

இந்தக் கடிதத்தை நானே கொண்டு வருகிறேன். உன்னைப் பார்த்ததும் பேச்சு வராது, அதனால் கையில் கொடுத்துவிட உத்தேசம்.

ஆறு மணிப் படகுக்கு நாலே முக்காலுக்கே வந்துவிட்டேன். சின்னவள்தான் காரில் கொண்டு வந்து விட்டாள். இறங்கும்போது என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, “அம்மா சொல்றபடி கேளுங்க” என்றாள். தன் பைனாகுலரை என் கழுத்தில் மாட்டிவிட்டாள். அவளும் ஒன்று வைத்திருக்கிறாள் என்பதே எனக்குத் தெரியாது.

இஷ்டமில்லையென்றால் காரணம் எழுதச் சொன்னாய். இஷ்டம்தான். ஆனால் பயமாகவும் இருக்கிறது. அந்தத் துறைமுகத்தில் இருந்த அதே பயம்தான், கொஞ்சமும் குறையவில்லை. இந்த முறை பயத்தோடேயே ஏறுகிறேன்.

இதோ, படகுக்காரர் கூப்பிடுகிறார். என் நரைத்த முடியையும் கையிலிருக்கும் பையையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, “பெரியவரே, இன்னைக்கு அலை கொஞ்சம் தூக்கிப்போடும். கடல் பழக்கம் உண்டா?” என்றார்.

முப்பது வருஷம் கடலில் இருந்தேன். எஞ்சின் அறைக்கு ஜன்னல் கிடையாது.

“இல்லை தம்பி, இப்பதான் முதல் தடவை” என்றேன்.

உன்,
நான்